மகள் படிக்கும் மேடிசன் வளாகம்: சில நாட்குறிப்புகள்

அக்டோபர் 2, 2024, புதன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. மகள் இங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று வருடமாக வீடியோவில் மட்டும் பார்த்த இடம்.

பல்கலைக்கழகம் என்றால் பெரிய கேட், வாட்ச்மேன், நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து என்றுதான் நினைத்து வந்தேன். இங்கே கேட்டே கண்ணில் படவில்லை. கடைவீதியில் நடந்துகொண்டே இருந்தோம். "எப்ப கண்ணு உங்க காலேஜுக்குள்ள போவோம்?" என்று கேட்டேன். "உள்ளே வந்து கால் மணி நேரம் ஆச்சும்மா" என்றாள்.

தூக்கம் இன்னும் ஊர்க் கணக்கில்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் பாஸ்கம் குன்று ஏறினோம். மேலே ஆபிரகாம் லிங்கன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிலை, 1909 முதல் இருக்கிறது. பட்டம் வாங்கும் மாணவர்கள் சிலையின் மடியில் ஏறி, லிங்கன் காதில் ஏதாவது ரகசியம் சொல்வார்களாம். மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன், சொல்லவில்லை.

இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஹர் கோவிந்த் குரானா 1960 முதல் 1970 வரை வேலை பார்த்தது இந்த வளாகத்தில்தான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். 1968இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் மேடிசன்காரர். மரபுக் குறியீட்டைப் படித்துக் காட்டியதற்கான பரிசு.

மாலையில் ஃபீல்டு ஹவுஸ். 1930இல் திறந்த பழைய உள்ளரங்கம். பெண்கள் வாலிபால் அணிக்கு இதுதான் சொந்தக் களம். வெளியே நின்று பார்த்ததோடு சரி, ஆனால் அந்தக் கட்டடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. நான் பள்ளியில் வாலிபால் ஆடியவள். செம்மண் தரை, இரண்டு மூங்கில் கம்பு, கிழிந்த வலை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். வயதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றது. இங்கே பெண்கள் ஆடும் வாலிபாலைப் பார்க்க ஆயிரக்கணக்கான பேர் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள், சீட்டு கிடைப்பதே சிரமம் என்றாள் மகள். 2021இல் இந்த அணி தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம் நிக் என்று சுருக்கமாகச் சொல்லும் உடற்பயிற்சிக் கூடம். 2020இல் திறந்தது. வகுப்பு முடிந்த பிள்ளைகள் கூடைப்பந்தும் வாலிபாலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்காக இல்லை, சும்மா ஆசைக்கு. ஒரு பெண் செர்வ் போட்டாள், முழங்கை மடங்கியது. "கையை நீட்டிப் போடு" என்று வாய்வரை வந்துவிட்டது.

அக்டோபர் 4, வெள்ளி

இன்றைய இரவைப் பற்றி விவரமாக எழுத வேண்டும்.

மென்டோட்டா ஏரிக் கரையில் மெமோரியல் யூனியன் இருக்கிறது. மாணவர்கள் கூடுவதற்காகவே 1928இல் கட்டிய கட்டடம். அதன் பின்புறம் ஏரியை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் பெரிய திண்ணை மாதிரி ஓர் இடம், டெரஸ் என்கிறார்கள். இரும்பு நாற்காலிகள், முதுகில் சூரியக் கதிர் மாதிரி வார்ப்பு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள். ஆறரை மணி வாக்கில் சூரியன் இறங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

சாப்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு. புரட்டாசி, அதனால் மாமிசம் இல்லை. இங்கே எல்லாரும் சாப்பிடும் பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜ் பன்றி இறைச்சியில் செய்வது, அது வேண்டாம் என்றேன். மகள் சீஸ் கர்ட்ஸ் வாங்கி வந்தாள். பாலைத் திரிய வைத்து, தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, பாளமாக அழுத்துவதற்கு முன்பே எடுக்கும் துண்டுகள் அவை. மாவில் தோய்த்துப் பஜ்ஜி போலப் பொரித்தது ஒரு தட்டு, பொரிக்காதது ஒரு பொட்டலம். பொரிக்காததைக் கடித்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் வருகிறது! புதுசு என்பதற்கு அதுதான் அடையாளம், ஓரிரண்டு நாளில் சத்தம் போய்விடும் என்றாள். எனக்குப் பொரித்ததை விட அதுவே பிடித்தது.

உள்ளே ராத்ஸ்கெல்லர் என்று ஒரு கூடம். ஜெர்மானிய பாணியில் வளைவுகள், சுவரெல்லாம் ஓவியம். 1933 முதல் இங்கே பீர் விற்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களில் முதன்முதலாக விற்றது இங்கேதான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

குடி என்றால் எனக்குப் பயம். எங்கள் தெருவில் அது தின்ற குடும்பங்களை எண்ணிச் சொல்ல முடியும். இங்கே பக்கத்து மேசையில் ஒரு தாத்தா பேரக்குழந்தைக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிறார், அடுத்த மேசையில் பிள்ளைகள் பீர் ஜாடியை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அப்படியும் என் பயம் போகவில்லை என்பதை மகளிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல் கிளம்பினோம். "தினமும் லேபிலிருந்து ராத்திரி தனியாகவா வர்ற?" என்று கேட்டேன். மூன்று வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி. சேஃப்வாக் என்று ஒன்று இருக்கிறதாம். போன் செய்தால் வேலைக்கு அமர்த்தப்பட்ட மாணவர்கள் வந்து வீட்டு வாசல் வரை துணைக்கு நடந்து வருவார்கள், காசு கிடையாது. வளாகத்துக்குள் சுற்றும் 80ஆம் எண் பஸ்ஸுக்கும் டிக்கெட் இல்லை. இதை முதல் வருடமே சொல்லியிருந்தால் நான் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 5, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. குளித்து, பெருமாளை நினைத்து ஒரு விளக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிடலைச் சுற்றி நடக்கும் உழவர் சந்தை. 1972இல் தொடங்கியது. விளைவித்தவரே விற்க வேண்டும், வாங்கி விற்பவர்களுக்கு இடமில்லை. கூட்டம் முழுக்க ஒரே திசையில் நகர்கிறது. கோயிலில் நாம் சுற்றுவதற்கு நேர் எதிர்த் திசை! முதல் பத்து நிமிடம் என் கால் சொன்னபடி கேட்கவில்லை.

அங்கிருந்து கேம்ப் ராண்டால் மைதானம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 70,000 வீரர்கள் பயிற்சி எடுத்த இடம். மைதானம் 1917 முதல் இருக்கிறது, இப்போது 76,000 பேருக்கு மேல் உட்காரலாம். தெருவெல்லாம் சிவப்புச் சட்டை. மகள் எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள், புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.

அமெரிக்க ஃபுட்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும் என்று மகள் விளக்கினாள். கஜம் என்றதும் பிடிபட்டுவிட்டது. பிடி, மறி, கோட்டைத் தாண்டு. கபடி பார்த்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை. எதிரணி பர்டியூ பல்கலைக்கழகம். 52க்கு 6 என்று விஸ்கான்சின் ஜெயித்தது. விஸ்கான்சின் அணியின் சின்னமான பக்கி என்ற வளைக்கரடி வேஷம் போட்டவர், ஒவ்வொரு முறை தன் அணி புள்ளி எடுக்கும்போதும் அதுவரை சேர்ந்த மொத்த எண்ணிக்கைக்கு தண்டால் எடுக்க வேண்டும். 52க்கு எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ராத்திரி கை வலித்திருக்கும்.

மூன்றாவது கால் பகுதி முடிந்ததும் ஒரு ராப் பாட்டு போட்டார்கள். மாணவர் பகுதி மொத்தமும் குதிக்க ஆரம்பித்தது. எங்கள் காலுக்குக் கீழே கான்கிரீட் அதிர்ந்தது, நிஜமாகவே அதிர்ந்தது. பயந்து மகள் தோளைப் பிடித்தேன். இந்த வழக்கம் 1998 அக்டோபரில், இதே பர்டியூவுடன் ஆடிய ஆட்டத்தில்தான் தொடங்கியதாம். 2003இல் ஒரு ஆட்டத்தில் பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள், மாணவர்கள் விடவில்லை, திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த, என்னை விட மூத்த ஒரு பெண்மணி கை நீட்டிக் கூப்பிட்டார். நானும் எழுந்து குதித்தேன். முழங்கால் வலி இரவில்தான் தெரிந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

முழங்காலுக்குத் தைலம். மாலையில் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச தூரம். கேப்பிடலையும் வளாகத்தையும் இணைக்கும் தெரு, சொந்தக் கார்கள் வரக்கூடாது. நேற்று இரவு நடக்க வழியில்லாமல் இருந்ததாம், இன்று அமைதி.

அக்டோபர் 7, திங்கள்

இன்று மகளின் இடம், பாப்காக் ஹால்.

இங்கே வந்ததிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். நான் எங்கள் ஊர் பெண்கள் பால் சங்கத்தில் 22 வருடம் பாலின் தரம் பார்க்கும் டெஸ்டர். காலையும் மாலையும் பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயில் 10 மில்லி அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, சுற்றி, பாலில் எவ்வளவு ஃபேட், அதாவது கொழுப்பு, என்று பார்த்துச் சீட்டில் எழுதுவேன். அது கெர்பர் முறை. அதற்கு முன்பே 1890இல் ஸ்டீபன் பாப்காக் என்பவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் இதே வேலைக்கு ஒரு முறை கண்டுபிடித்தார். அதுவரை பாலுக்கு எடைக்குத்தான் காசு. தண்ணீர் கலந்தவனுக்கும் கெட்டிப்பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை. அந்தச் சண்டையை நான் கண்ணால் பார்த்தவள். பாப்காக் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று இங்கே தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ் பின்னாளில் சொன்னதாக மகள் சொன்னாள். பாப்காக் அதற்கு முன்பே செய்துவிட்டார்.

கீழே கடையில் அங்கேயே தயாரித்த ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அதைச் செய்யும் பால் ஆலை 1951 முதல் இந்தக் கட்டடத்தில். ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது, ஏமாற்றாத கிரீம். நாக்கில் வழுவழுவென்று படிந்து, மெதுவாகப் போகிறது. இரண்டு கப் சாப்பிட்டேன். சற்றுத் தூரத்தில் மாட்டுத் தொழுவமே இருக்கிறது, வளாகத்தின் நடுவில். சாணி வாசம் வந்ததும் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

மகள் தன் லேப் அலமாரியிலிருந்து ஒரு பழைய பாப்காக் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். குடுவைக்கு நீண்ட கழுத்து, அதில் அளவுக் கோடுகள். போட்டோ எடுத்தோம்.

இரவு ஏழு மணிக்கு அந்தப் படத்தை எனக்குப் பின் டெஸ்டராக வந்த தங்கச்சிக்கு அனுப்பினேன். அங்கே செவ்வாய் விடிகாலை ஐந்தரை, கேன் எல்லாம் வந்துகொண்டிருக்கும் நேரம். உடனே கூப்பிட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ வரிசையில் திட்டும் குரல்.

"அக்கா, இதுல அமிலம் எவ்வளவு ஊத்துவாங்க?"

"பதினேழரை மில்லி" என்றேன். "பாலும் ஏறக்குறைய அவ்வளவுதான்."

"அம்மாடி, நமக்குக் கட்டுப்படியாகாது" என்றாள். "சரி வைக்கிறேன்க்கா, ஆள் நிக்குது."