தக்காளி ‘தக்க-2’ ஆன கதை

“தம்பி, நீங்க அனுப்புன லிங்க்கத் தொடவே பயமா இருக்கு. வைரஸ் கிய்ரஸ் வந்துராதே?”

பக்கத்துத் தெரு அக்கா வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. மாடியில் வைத்த தக்காளிச் செடியில் இலை எல்லாம் சுருண்டுபோகிறது என்று கேட்டிருந்தார். என் தோட்டத் தளத்தில் அதற்கென்றே ஒரு பதிவு இருக்கிறதே என்று லிங்க்கை அனுப்பினேன். வைரஸ் இருந்தது அவர் செடியில்தான், வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டது. ஆனால் நான் அனுப்பியதைப் பார்த்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. திரை முழுக்கச் சதவீதக் குறி, ஈ, பூஜ்யம், மறுபடியும் சதவீதக் குறி, ஏ, ஈ என்று அரைப் பக்கத்துக்கு ஓடியது.

தமிழில் தளம் நடத்துகிற எல்லோருக்கும் இது பழகிய தொல்லை. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், அதற்கே 45 இடம் போய்விடும்.

நான் தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இதற்கு மேல் ஒரு கூத்து. பதிவின் முகவரிப் பெயரை (ஸ்லக் என்கிறோமே, அது) அது 200 இடத்தோடு வெட்டிவிடும். ஆங்கிலத்தில் யாரும் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. தமிழில் 22 குறிகளிலேயே தீர்ந்துவிடும். ‘மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பு’ என்று நான் வைத்த தலைப்பு, முகவரியில் ‘மாடித்-தோட்டத்தில்-தக்கா’ என்று நின்றது. அடுத்து எழுதியது ‘மாடித் தோட்டத்தில் தக்காளி இலைச் சுருள்’. அதே பெயர் ஏற்கெனவே இருப்பதால் பின்னால் 2 சேர்க்க வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். விளைவு: ‘தக்க-2’. ‘கா’வின் துணைக்காலையும் வெட்டிவிட்டது.

அக்காவின் குரல் பதிவைக் கேட்ட அன்றைக்கே, எல்லா முகவரிகளையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவில் தப்பில்லை, செய்த விதம்தான் தப்பு.

400-க்கு மேல் பதிவுகள். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? எக்ஸலில் பதிவு எண்ணை ஒரு பக்கமும் புதுப் பெயரை மறுபக்கமும் போட்டு, மூன்று ராத்திரி உட்கார்ந்து தட்டி, மொத்தத்தையும் கட்டளைகளாக மாற்றி, பிஎச்பி மை அட்மின் என்ற கருவி வழியாக நேரே தரவுத்தளத்தில் ஒட்டினேன். இரண்டு நொடியில் முடிந்தது. தளத்தைத் திறந்தேன். முகப்பு வந்தது, மெனு வந்தது, எதைச் சொடுக்கினாலும் திறந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பதினைந்து நாளில் வருகை பாதிக்கும் கீழே போய்விட்டது.

நானும் எல்லோரையும் போல முதலில் கூகுளைத்தான் திட்டினேன். கூகுள் தன் தேடல் முறையில் அவ்வப்போது செய்யும் பெரிய மாற்றத்தைச் சொல்லி, ‘கோர் அப்டேட் அடித்துவிட்டது’ என்று நண்பர்களிடம் புலம்பினேன். (நம் ஆட்களுக்கு மின்சாரம் போனால்கூட அது கோர் அப்டேட்தான்.) எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருவதாகச் சொன்ன ஒருவர் போனில் பேசினார். தமிழ் முகவரி கூகுளுக்குப் புரியாது, அதனால்தான் இறங்கியிருக்கிறது, பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) தொகுப்பு ஒன்று வாங்குங்கள் என்றார். நான்தான் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேனே என்று சொன்னதும் கொஞ்சம் தடுமாறி, “அப்படின்னா பேக்லிங்க் கண்டிப்பா வேணும் சார்” என்றார். தமிழ் முகவரி கூகுளுக்கு நன்றாகவே புரியும். முகவரியில் இருக்கும் சொல்லுக்குத் தரவரிசையில் பெரிய எடையும் கிடையாது. காசு கொடுத்து லிங்க் வாங்குவதோ கூகுளின் ஸ்பேம் விதிகளிலேயே வருகிறது.

கடைசியில் ஒரு வாசகர்தான் எழுதினார்: “சார், பழைய லிங்க் எல்லாம் பக்கம் இல்லைன்னு வருது.” நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் பக்கங்கள் அறிக்கையைத் திறந்தால் 404 (‘பக்கம் இல்லை’ என்ற குறி) வரிசை நீண்டு கிடக்கிறது. முதல் வாரமே அதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நடந்தது இதுதான். பதிவைத் திறந்து ஸ்லக்கை மாற்றிச் சேமித்தால், பழைய பெயரை வேர்ட்பிரஸ் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது பழைய முகவரிக்கு வந்தால் 301 (‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற குறி) போட்டுப் புது இடத்துக்கு அனுப்பிவிடும். நான் பின்வாசல் வழியாகத் தரவுத்தளத்துக்குள் போய் மாற்றியதால் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. வீட்டை மாற்றிவிட்டு தபால்காரரிடம் சொல்லாத கதை. என் பதிவுகளுக்குள்ளேயே நான் கொடுத்திருந்த லிங்க்குகளும் அறுந்து தொங்கின.

எல்லா 404-ஐயும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கென்றே பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) உண்டு. அதைச் செய்யாதீர்கள். சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் 404 போலத்தான் எடுத்துக்கொள்ளும். தக்காளி கேட்டு வந்தவரும் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

என்னைக் காப்பாற்றியது பழைய பேக்கப். சர்ச் கன்சோலிலிருந்து பட்டியல் எடுக்கப் பார்த்தேன், ஏற்றுமதியில் 1000 வரிகள்தான் வருகின்றன, அதிலும் கிளிக் விழாத பக்கங்கள் பல விடுபட்டிருந்தன. பேக்கப்பில் எல்லாம் அப்படியே இருந்தது. ஸ்லக் மாறினாலும் பதிவு எண் மாறாது, இல்லையா? ஹோஸ்டிங் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் பழைய அட்டவணையிலிருந்து எண்ணையும் பெயரையும் எடுத்து, வேர்ட்பிரஸ் பழைய பெயர்களைக் குறித்து வைக்கும் அதே இடத்தில் வரிசையாக நுழைத்தார். தேநீர் ஆறுவதற்குள் 301 வேலை செய்தது. பதிவுகளுக்குள் இருந்த லிங்க்குகளைத் திருத்தத்தான் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

அப்புறம் தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பைப் புதுப்பித்தேன். பழைய வழிகாட்டிகளில் சைட்மேப் மாறியதைத் தெரிவிக்க ‘கூகுளுக்கு பிங் செய்யுங்கள்’ என்று இன்னமும் இருக்கும். அந்த வசதியைக் கைவிடுவதாக 2023-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. சர்ச் கன்சோலில் சைட்மேப் முகவரியைக் கொடுத்து, ‘கடைசியாகத் திருத்திய தேதி’ உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

வருகை திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, முழுதாக இன்னும் வரவில்லை. திருப்பிவிடுதலைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதாகவே இல்லை. புதுப் பதிவுகளுக்கு வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுத்துவிடுகிறேன். உங்கள் பழைய பதிவுகள் தமிழ் முகவரியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பத்தான் சிரமம் என்றால், பதிவு எண்ணோடு முடியும் சுருக்க முகவரி ஒன்று வேர்ட்பிரஸிலேயே உண்டு. எனக்கு அது அப்போது தெரிந்திருந்தால் இவ்வளவு பாடே இல்லை.

அக்காவுக்குப் புது லிங்க்கை அனுப்பினேன். செடியை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டாராம். இன்று காலை சர்வர் பதிவேட்டைப் பார்த்தபோது, யாரோ ஒருவர் ‘தக்க-2’ வழியாக வந்திருந்தார். பக்கத்தில் 301, அடுத்த வரியில் 200, அதாவது பக்கம் கிடைத்துவிட்டது.