கறுப்பு வால் விமானத்துக்காகக் காத்திருந்த ஏழு மணி நேரம்

பிராங்க்பர்ட் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றால், வரிசையாக நிற்கும் லுஃப்தான்சா விமானங்களின் வால்கள்தாம் முதலில் கண்ணில் படும். 2018இல் அந்நிறுவனம் தன் பழைய மஞ்சள் வட்டத்தைக் கைவிட்டு, கருநீலப் பின்னணியில் வெள்ளைக் கொக்கை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தக் கருநீல வரிசையின் நடுவே ஒரு வால் மட்டும் முழுக் கறுப்பாக நின்றது. அதில் கொக்கு இல்லை. வெள்ளி நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. வெள்ளை உடலின் குறுக்கே பெரிய எழுத்தில் ‘ஸ்டார் அலையன்ஸ்’ என்று எழுதியிருந்தது. லுஃப்தான்சா உறுப்பினராக உள்ள விமான நிறுவனக் கூட்டணியின் பெயர் அது. என் அடுத்த விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்ததால், அதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

கூட்டணி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். அங்கே எத்தனை கட்சிகள் சேர்ந்தாலும் மேடையில் அவரவர் கொடி அவரவர் கம்பத்தில் பறக்கும். கொடியின் அளவில் ஒரு அங்குலம் குறைந்தாலும் மனத்தாங்கல் வரும். விமான நிறுவனக் கூட்டணியில் நடப்பது நேர் எதிர். உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் பலவும் தம் விமானங்களில் ஒரு சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து தம் கொடியை இறக்கிவிட்டுக் கூட்டணியின் கொடியை ஏற்றுகின்றன. கோடிக்கணக்கில் செலவழித்து மக்கள் மனத்தில் பதியவைத்த தன் அடையாளத்தைத் தானே மறைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் தொழில் செய்வதை வேறு துறைகளில் நான் அதிகம் கண்டதில்லை. இந்த வண்ணப்பூச்சுகளின் மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கு அதுவே காரணம்.

உலகின் மூன்று பெரிய விமான நிறுவனக் கூட்டணிகளில் மூத்தது ஸ்டார் அலையன்ஸ். 1997 மே 14 அன்று ஏர் கனடா, லுஃப்தான்சா, ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்ஏஎஸ், தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து அதைத் தொடங்கின. நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் அந்த ஐவரைக் குறிப்பவை. தொடக்க காலத்துச் சிறப்பு விமானங்களில் உறுப்பினர்களின் நிறங்களையெல்லாம் ஒரே உடலில் பட்டை பட்டையாக அடுத்தடுத்துத் தீட்டியிருந்தார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்க்கும்போது, பல வீட்டுத் துணிகளை ஒரே கொடியில் காயப்போட்டதுபோல் எனக்குத் தோன்றும். மேலும், புதிதாக ஓர் உறுப்பினர் சேரும்போது அவருக்கும் ஒரு பட்டை ஒதுக்க வேண்டும் என்றால் அந்த ஓவியம் எங்கே போய் முடியும்? இன்று நாம் காணும் வெள்ளை உடலும் கறுப்பு வாலும் அதன் பின்னர் வந்தவை. அந்த வடிவத்தை முதலில் தன் விமானத்தில் தீட்டிக்கொண்டது தென்கொரியாவின் ஆசியானா.

மற்ற இரு கூட்டணிகளும் இதே கேள்விக்கு வேறு வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. 1999இல் தொடங்கிய ஒன்வேர்ல்ட், தன் பத்தாவது ஆண்டையொட்டிச் சிறப்பு வண்ணப்பூச்சை அறிமுகப்படுத்தியபோது உறுப்பினர்களின் வாலைத் தொடவில்லை. உடலின் முன்பகுதியில் கூட்டணியின் பெயர் பெரிதாக இருக்கும். வாலில் குவாண்டாஸின் கங்காருவும் ஜப்பான் ஏர்லைன்ஸின் சிவப்புக் கொக்கும் அப்படியே இருக்கும். தொலைவிலிருந்து விமானத்தை அடையாளம் காட்டுவது வால்தான் என்பதால், யாருக்கும் பெரிய இழப்பில்லாத ஏற்பாடு இது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747களில் சில இந்தப் பூச்சோடு பறந்தன. 2020இல் அந்நிறுவனம் தன் 747கள் அனைத்தையும் ஓய்வுக்கு அனுப்பியபோது அவையும் போய்விட்டன.

2000இல் பிறந்த ஸ்கைடீம் இதற்கு மறுகோடியில் நிற்கிறது. உடல் முழுக்க வெள்ளி நிறம், வால் கருநீலம், அதில் கூட்டணியின் சின்னம். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது இதைப் பார்த்தேன். அங்கே போல்டர்பான் என்று ஓர் ஓடுபாதை உண்டு. அதில் இறங்கினால் முனையத்தை அடையத் தரையிலேயே கால் மணி நேரம் உருள வேண்டியிருக்கும். அப்படி உருண்டுகொண்டிருந்தபோது எதிரே வந்தது நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மின் போயிங் 777. வழக்கமாகக் கேஎல்எம் விமானத்தின் வானநீலத்தை எவ்வளவு கூட்டத்திலும் தவறவிட முடியாது. ஆனால் வெள்ளி பூசிய அந்த விமானம் அன்றைய மேகமூட்டத்தில் சாம்பல் நிறமாகக் கரைந்து, எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாமல் கடந்து சென்றது. வெள்ளி நிறம் வெயிலை நம்பிப் பூசப்படுவது. மூன்றில் துணிச்சலும் தெளிவும் சேர்ந்தது ஸ்டார் அலையன்ஸின் கறுப்பு வால்தான் என்பது அன்றிலிருந்து என் முடிவு.

அந்தத் துணிச்சலுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டார் அலையன்ஸ் பூச்சுள்ள சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களின் வாலில் அந்நிறுவனத்தின் பறவையே நீடித்தது. கூட்டணியின் சின்னம் விமானியறைக்குப் பின்னால் சிறியதாக இடம்பிடித்தது. எந்தக் கூட்டணியிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

விமானத்துக்கு வண்ணம் மாற்றுவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றதன்று. சன்னல்களையும் உணரிகளையும் மூடி ஒட்டிவிட்டு, பழைய பூச்சை நீக்கி, உடலைக் கழுவி, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் ஒளிபுகும் பூச்சு என்று அடுக்கடுக்காக, வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் கொட்டகையில் செய்யும் வேலை அது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற கார்பன் இழை உடல்களில் வழக்கமான வண்ணநீக்கித் திரவங்கள் அந்த இழைப் பொருளையே கெடுத்துவிடக்கூடும் என்பதால், மேற்பூச்சைத் தேய்த்து எடுக்கிறார்கள். ஒரு 747இன் உடலில் ஏறும் பூச்சின் எடை மட்டும் ஏறத்தாழ 250 கிலோ. எனக்கு மிகவும் பிடித்த செய்தி வாலைப் பற்றியது: வாலின் பின்விளிம்பில் அசையும் சுக்கானுக்குப் புதிய வண்ணம் பூசினால் அதன் எடைச் சமநிலை மாறக்கூடும், மாறினால் காற்றில் அது படபடக்கும் ஆபத்து உண்டு. ஆகவே பூச்சுக்குப் பிறகு அதைச் சரிபார்த்தே பறக்கவிட வேண்டும். நட்சத்திரமோ கங்காருவோ, அந்தத் தராசுக்கு எல்லாம் கிராம் கணக்குதான்.

இவ்வளவு பாடுபட்டுப் பூசியதை அழிக்க வேண்டிய நாளும் வருகிறது. ஐந்து நிறுவனர்களுள் ஒன்றான எஸ்ஏஎஸ், 2024 ஆகஸ்ட் 31உடன் ஸ்டார் அலையன்ஸிலிருந்து விலகி மறுநாளே ஸ்கைடீமில் சேர்ந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனையாக இருந்தவரே கட்சி மாறிவிட்டார். முனைகள் மட்டும் இன்றும் ஐந்தாகவே இருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில், கறுப்பு வாலை முதன்முதலில் தீட்டிக்கொண்ட ஆசியானாவை, ஸ்கைடீமின் நிறுவனர்களுள் ஒன்றான கொரியன் ஏர் தன் கைக்குள் கொண்டுவந்தது. வண்ணம் பூசுபவர்களுக்கு வேலை குறைவதாகத் தெரியவில்லை.

இத்தகைய விமானத்தில் ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒருமுறை, விமானங்களின் நடமாட்டத்தைக் காட்டும் செயலியை ஒரு வாரம் கண்காணித்து, சிறப்புப் பூச்சுள்ள விமானம் எந்தத் தடத்தில் சுற்றிவருகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற நாளில் பயணச்சீட்டு எடுத்தேன். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு விமானத்தை மாற்றிவிட்டார்கள். கதவருகே நின்ற ஊழியரிடம் என் குறையைச் சொன்னபோது, நான் இருக்கையைப் பற்றிப் புகார் செய்கிறேன் என்று நினைத்து, சன்னலோர இருக்கை உறுதியாக இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். அதன்பின் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

பிராங்க்பர்ட்டில் அன்று அது தானாக அமைந்தது. எங்கள் விமானம் முனையத்தை விட்டுத் தள்ளி நின்றதால் பேருந்தில் கொண்டுபோனார்கள். பேருந்து வளைந்து திரும்பியதும் கறுப்பு வால் தெரிந்தது; நான்கு எஞ்சின் கொண்ட ஏ340. காலையில் பார்த்ததேதானா என்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், கையிலிருந்த பயணச்சீட்டையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏற்கெனவே வரிசையில் என்னோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசியிருந்தவர்.

“தம்பி, நம்மள வேற பிளேனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க போல. சீட்டுல லுஃப்தான்சான்னு இருக்கு, இதுல வேற பேரு எழுதியிருக்கே?”

“இல்லம்மா, இதுதான். கதவுகிட்ட போனதும் காட்டுறேன், வாங்க.”

படிக்கட்டில் ஏறும்போதுதான் விமானத்தின் தோலை அருகில் பார்க்க முடிகிறது. தொலைவில் வழவழப்பாகத் தெரிந்த வெள்ளை, கையெட்டும் தூரத்தில் தறையாணிகளின் வரிசையாகவும், தகடுகள் சேரும் இடங்களில் அழுக்கு படிந்த கோடுகளாகவும் பிரிந்தது. கதவின் விளிம்பில் பூச்சு பெயர்ந்து, அடியிலிருந்த பச்சை கலந்த மஞ்சள் அடிப்பூச்சு நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது. உடலின் முன்பகுதியில் ஒரு சிறு உலோகத் தகடு மட்டும் எந்த நிறமும் இல்லாமல் பளபளத்தது. அதிலுள்ள நுண்துளைகள் காற்றழுத்தத்தை அளந்து விமானத்தின் உயரத்தை விமானிக்குச் சொல்பவை. அவற்றின் மேல் எந்தக் கூட்டணியும் வண்ணம் பூச முடியாது. அருகே, அடக்கமான எழுத்தில், லுஃப்தான்சா. அந்த அம்மாவிடம் சுட்டிக்காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இத இவ்வளவு சின்னதாவா எழுதுவாங்க?” என்றார்.

உள்ளே போய் அமர்ந்ததும் நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று உறைத்தது. சன்னல் வழியே இறக்கையும் இரண்டு எஞ்சின்களும் தெரிந்தன. கறுப்பு வால் தெரியவில்லை, நட்சத்திரம் தெரியவில்லை, உடலில் எழுதியிருந்த பெயரின் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இருக்கை உறை, பணிப்பெண்களின் சீருடை, அறிவிப்பு எல்லாமே வழக்கமான லுஃப்தான்சா. ஆண்டுக்கணக்காக ஆசைப்பட்ட விமானத்தில் பல மணி நேரம் இருந்தும், அதைக் கண்ணால் பார்த்தது பேருந்திலும் படிக்கட்டிலுமாக நான்கு நிமிடம்தான்.

இறங்கிய பிறகு, பெட்டிகள் சுழன்றுவரும் இடத்தில் அந்த அம்மா மகனிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். “சௌகரியமா வந்துட்டேன்பா. லுஃப்தான்சால சீட்டு போட்டியே, அவன் வேற கம்பெனி பிளேன்ல ஏத்தி விட்டுட்டான். ஸ்டார் அலையன்ஸாம். நல்லாத்தான் ஓட்டுறான். திரும்பிப் போறப்ப அதுலயே போட்டுடு.”