லீ ஹுவாவும் குந்தரும்: ஹாங்சோவில் ஒரு மாணவியோடு ஆங்கிலம் பயின்ற இருபத்தொரு மாதங்கள்

என் கணவரின் வேலை நிமித்தம் 2019ஆம் ஆண்டு முதல் நாங்கள் சீனாவின் செஜியாங் மாநிலத் தலைநகரான ஹாங்சோவில் குடியிருக்கிறோம். அதற்கு முன் திருநெல்வேலியில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியொன்றில் பதினோரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்திருந்தேன். 2022 செப்டம்பரில், எதிர் வீட்டுப் பெண் உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டுக்குச் சென்ற வாரத்தில், அவளுடைய தாய் இரண்டு பம்பளிமாஸ் பழங்களோடு வாசலில் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் ஆங்கிலத்துக்குத் துணையிருக்க இயலுமா என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். பணம் எதுவும் வாங்கமாட்டேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். அப்போது பள்ளித் தேர்வில் அவள் 150க்கு 102 மதிப்பெண் பெற்றிருந்தாள். 2024 ஜூனில் நடந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் 131 பெற்றாள். இதற்கு இடைப்பட்ட காலத்தில் நாங்கள் செய்தவற்றையும், நான் செய்த ஒரு பிழையையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

காவ்காவ் எனப்படும் அந்த நுழைவுத் தேர்வின் ஆங்கில வினாத்தாளுக்கு இரண்டு மணி நேரம். கேட்டல் 30, வாசிப்பு 50, பத்தியின் இடைவெளிகளை நிரப்பும் இருவகை வினாக்கள் 30, எழுத்து 40 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. வாசிப்பில் நான்கு பத்திகள் ஒன்றைவிட ஒன்று கடினமாக வரும். கடைசிப் பத்தி பெரும்பாலும் அறிவியல் ஆய்வு பற்றியதாக இருக்கும். அதையடுத்து, ஐந்து இடங்களில் வாக்கியம் நீக்கப்பட்ட ஒரு கட்டுரையைத் தந்து, ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மாணவர்கள் இதை ‘ஏழில் ஐந்து’ என்றே அழைக்கிறார்கள். எழுத்துப் பகுதியில் முதலில் வருவது ஏறத்தாழ எண்பது சொற்களில் ஒரு கடிதம். அதை எழுதும் கற்பனை மாணவரின் பெயர் பெரும்பாலும் லீ ஹுவா. பல்லாண்டுகளாக லீ ஹுவா வெளிநாட்டு நண்பர்களுக்கு அழைப்பும் மன்னிப்பும் நன்றியும் எழுதிக்கொண்டே இருப்பதால், அந்தப் பெயரை அறியாத சீன மாணவர் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் மாணவர்களின் அச்சமெல்லாம் 25 மதிப்பெண் கொண்ட அடுத்த வினாவைப் பற்றியதுதான். முந்நூற்றைம்பது சொற்கள் அளவிலான ஒரு கதை பாதியில் நிறுத்தப்பட்டிருக்கும். தொடர வேண்டிய இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்கள் மட்டும் தரப்பட்டிருக்கும். மாணவர் ஏறத்தாழ நூற்றைம்பது சொற்களில் கதையை முடிக்க வேண்டும். 2016 அக்டோபரில் செஜியாங் மாநிலத்தில் முதன்முதலாக இடம்பெற்ற இவ்வினா, பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. இதற்குப் பின்னணியாக இருப்பது குவாங்தோங் அயல்மொழிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் ச்சூமிங் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்து. முடியாத ஒரு பனுவலைத் தொடரும்போது, கற்பவர் அதன் சொற்களின் மீதும் வாக்கிய நடையின் மீதும் சாய்ந்தே எழுத நேர்கிறது. அந்தச் சாய்தலிலேயே மொழி கைவருகிறது என்பார் அவர். இந்த வினாவை எழுத்துத் தேர்வு என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, இது முதலில் வாசிப்புத் தேர்வு என்பது புரியவே மூன்று மாதங்கள் ஆயின.

முதல் ஞாயிறு அவளை ஒரு பழைய வினாத்தாளை எழுதச் செய்து அருகில் அமர்ந்து பார்த்தேன். வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுவாள். கண்டதும் அந்த வரியை மட்டும் படித்து விடையைக் குறிப்பாள். முதல் இரண்டு பத்திகளில் இந்த முறை பலித்தது, நான்காவதில் அறவே பலிக்கவில்லை. ஒரு வரியைச் சுட்டி, இதன் பொருள் என்ன என்று கேட்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் சீனப் பொருளைச் சரியாகச் சொல்வாள். முழு வாக்கியம் என்ன சொல்கிறது என்றால் மௌனமாகிவிடுவாள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை மனப்பாடம் செய்திருந்த ஒரு பெண், நீண்ட வாக்கியத்தின் நடுவில் வழி தெரியாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு என் பதினைந்து வயது நினைவுக்கு வந்தது.

அந்த நினைவிலிருந்துதான் எங்களுக்கு ஒரு வழி பிறந்தது. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘வோ ட்ஸுவோத்தியென் மாய் த ஷூ’ என்பார்கள். வோ என்றால் நான், ட்ஸுவோத்தியென் என்றால் நேற்று, மாய் என்றால் வாங்குதல், ஷூ என்றால் புத்தகம். இடையில் நிற்கும் ‘த’ என்ற சிறு சொல், நம் பெயரெச்ச விகுதி செய்யும் வேலையைச் செய்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழின் வரிசையேதான்! ஆங்கிலத்திலோ ‘தி புக் ஐ பாட் யெஸ்டர்டே’ என்று புத்தகம் முதலில் வந்து, வாங்கியது யார், எப்போது என்பதெல்லாம் பின்னால் இழுபட்டு வரும். விளக்கத்தை முன்வைத்துப் பொருளைப் பின்வைக்கும் இரு மொழிக்காரர்கள், பொருளை முன்வைக்கும் மூன்றாவது மொழியின் முன் ஒரே இடத்தில் இடறுகிறோம் என்பதை அவளுக்குக் காட்டுவதற்காகத் தமிழ் வாக்கியத்தைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் சீன எழுத்தை அவளையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்தவள் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆயீ, உங்களுக்கும் கஷ்டமாக இருந்ததா?” என்று கேட்டாள். ஆயீ என்பது தாயின் தங்கையையும், தாயின் வயதொத்த பெண்களையும் குறிக்கும் சொல். நம் சித்திக்கு இணையானது. இருந்தது என்றேன். ஆங்கிலம் தனக்கு வராது என்ற அவளுடைய எண்ணம் அன்றுதான் சற்றுத் தளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்தியிலிருந்து மிக நீண்ட மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டோம். முதன்மை வினையைக் கண்டுபிடித்து அதன் கீழ் இரட்டைக் கோடு, எழுவாயின் கீழ் ஒற்றைக் கோடு. மற்ற தொடர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அது தழுவும் பெயர்ச்சொல்லுக்கு ஓர் அம்புக்குறி. பிறகு அதே வாக்கியத்தைச் சீன வரிசையில் வாய்விட்டுச் சொல்லி, மறுபடி ஆங்கில வரிசைக்குத் திருப்ப வேண்டும். வேகமாகச் செய்யக்கூடிய பயிற்சி அல்ல இது; முதல் மாதத்தில் மூன்று வாக்கியங்களுக்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. ‘ஏழில் ஐந்து’ வினாவுக்கு, ஏதேனும் ஒரு கட்டுரையின் வாக்கியங்களைத் தனித்தனித் தாள்துண்டுகளாக வெட்டிச் சாப்பாட்டு மேசையில் கலைத்துப் போட்டு, சுட்டுச் சொற்களையும் இணைப்புச் சொற்களையும் மட்டும் துணைகொண்டு அவள் அடுக்கினாள். ‘இது’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், எது என்ற கேள்விக்கு முந்தைய வாக்கியம் விடை சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

எழுத்தில் அவளுடைய சிக்கல் வேறு வகை. சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. ஆகவே இறந்தகாலத்தில் தொடங்கும் அவளுடைய கதை நான்காம் வாக்கியத்தில் நிகழ்காலத்துக்கு நழுவிவிடும். பேச்சுச் சீனத்தில் அவனுக்கும் அவளுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலிதான், எழுத்தில் மட்டுமே வேறுபாடு. ஆகவே கதையில் வரும் ஆண் திடீரென்று பெண்ணாகிவிடுவான். வினைமுற்றிலேயே ஆண்பால் பெண்பால் காட்டும் மொழியில் வளர்ந்த எனக்கு இந்தப் பிழை முதலில் கவனக்குறைவாகத் தோன்றியது. அது கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் இயல்பு என்பதை உணர்ந்தபின் கடிந்துகொள்வதை நிறுத்தினேன். எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டு ஒருமுறையும், அவன் அவள் என்னும் சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டு ஒருமுறையும் படிக்கும் பழக்கத்தை அவளே ஏற்படுத்திக்கொண்டாள்.

இவற்றைவிடப் பெரிய தடை மனப்பாட வாக்கியங்கள். மாணவர்களிடையே கைமாறும் நகல்தாள்களில், அழுகைக்கு இருபது வாக்கியங்கள், மகிழ்ச்சிக்கு இருபது, மாலை வெயிலுக்குப் பத்து என்று தொகுத்து வைத்திருப்பார்கள். எந்தக் கதையாக இருந்தாலும் கண்ணீர் அறுந்த முத்துமாலையாகச் சிந்தும். இறுதியில் கதிரவனின் பொன்னொளி அனைவர் முகத்திலும் படியும். 2022 ஜூன் தேசிய வினாத்தாளில் வந்த கதை ஒன்றை நாங்கள் அக்டோபரில் எடுத்தோம். மூளை நோயால் மற்றப் பிள்ளைகளைப்போல் நடக்கவோ ஓடவோ இயலாத டேவிட் என்ற சிறுவன், நெடுந்தூர ஓட்டப் போட்டி நாளில் ஓட வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிறான். கதையைச் சொல்பவர் அவனுடைய ஆசிரியர். நாங்கள் அருகருகே அமர்ந்தோம், ஆனால் டேவிட் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது முதல் பத்தியின் தொடக்கம். மற்றவர்களோடு அவன் தொடக்கக் கோட்டுக்குச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இரண்டாவதன் தொடக்கம். அவள் எழுதியதில் ஆசிரியர் ஒரு பழமொழி சொன்னார், டேவிட் முத்து முத்தாகக் கண்ணீர் விட்டான், ஓடி முதலிடம் பெற்றான்.

நடக்கவே சிரமப்படுபவன் முதலிடம் பெறுவானா என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் கதையை மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படித்தபின், தன் பாட்டி பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டு நடையில் எப்படி நடப்பார் என்று சொல்லத் தொடங்கினாள்: ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும், இடது கால் சற்றே இழுபடும், கதவருகே வந்ததும் தூரத்தை அளப்பவர்போல் ஒருகணம் நிற்பார். அதை எழுது என்றேன். இழுபடுதல், ஊன்றுதல், தள்ளாடுதல் ஆகியவற்றுக்கு அவளிடம் ஆங்கிலச் சொல் இல்லை. அன்று தேடிக் கற்ற அந்த வினைச்சொற்களை அவள் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை. அடுத்த வாரம் கொண்டுவந்த பிரதியில் ஆசிரியர் அறிவுரையே சொல்லவில்லை. குனிந்து டேவிட்டின் அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டார். டேவிட் எல்லோருக்கும் கடைசியாக வந்தபோது, கோட்டருகே பயிற்சியாளர் மட்டும் நேரக் கடிகாரத்தை நிறுத்தாமல் காத்திருந்தார். நான் கற்பித்த எந்த வகுப்பிலும் ஒரு மாணவியின் பத்தி என்னை இவ்வளவு நெகிழச் செய்ததில்லை.

அந்த நெகிழ்ச்சியே என் பிழைக்கும் காரணமாயிற்று. மனப்பாடம் முழுவதையும் கைவிடு, கதைப் புத்தகம் படி, மனத்திலிருந்து எழுது என்று 2023 வசந்தகாலம் முழுக்க அவளை வற்புறுத்தினேன். பள்ளியின் மாதத் தேர்வுகளில் அவளுடைய மதிப்பெண் இருமுறை தொடர்ந்து சரிந்தது. லீ ஹுவாவின் கடிதத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடங்களைச் செலவிட்டு, கதையை இறுதி வாக்கியத்துக்கு முன்பே நிறுத்த நேர்ந்திருந்தது. அவளுடைய தாய் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. வழக்கம்போல் பழம் கொண்டுவந்தார், ஆனால் வாசலிலேயே நின்று திரும்பிவிட்டார். அந்த மௌனம் என்னை உறங்கவிடவில்லை. இரவு பத்து மணிவரை பள்ளியில் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு நேரம் எவ்வளவு அரிது என்பதை, தேர்வு எழுத வேண்டியிராத நான் மறந்திருந்தேன். கடிதம் என்பது வடிவம் சார்ந்தது; தொடக்கமும் முடிவும் மனப்பாடமாக இருப்பதில் குற்றமில்லை. ஆகவே கடிதத்துக்கு ஒரு நிலையான சட்டம், பன்னிரண்டு நிமிடம்; அதில் மிஞ்சும் நேரம் கதைக்கு என்று வகுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஹாங்சோவில் நடைபெற்றதால், லீ ஹுவா தன்னார்வத் தொண்டராகப் பல கடிதங்கள் எழுதினார்.

கையெழுத்துக்கும் சில வாரங்கள் கொடுத்தோம். விடைத்தாள்கள் கணினியில் படமாக்கப்பட்டுத் திரையில் திருத்தப்படுவதால், கட்டத்துக்கு வெளியே செல்லும் வரி திருத்துபவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

செஜியாங்கில் ஆங்கிலத் தேர்வை ஜனவரியிலும் ஜூனிலும் எழுதி, கூடுதலான மதிப்பெண்ணை வைத்துக்கொள்ள முடியும். 2024 ஜனவரியில் அவளுக்கு 121 கிடைத்தது. பலர் அத்தோடு ஆங்கிலத்தை முடித்துக்கொண்டு மற்றப் பாடங்களுக்குச் செல்ல, அவள் மீண்டும் எழுதத் தீர்மானித்தாள். எஞ்சிய ஐந்து மாதங்களில் புதிய கதைகளை அதிகம் எடுக்கவில்லை. ஒரே கதையை மூன்று வாரங்களில் மூன்று முறை எழுதினாள். இரண்டாம் பத்தியின் தொடக்க வாக்கியத்தை முதலில் படித்து, முதல் பத்தி எங்கே சென்று சேர வேண்டும் என்று தீர்மானித்த பிறகே பேனாவை எடுப்பாள். கதையில் கதாசிரியர் விதைத்துவைத்த பொருள்கள், வாக்குறுதிகள், வானிலை ஆகியவற்றை ஓரத்தில் குறித்து, அவற்றில் இரண்டையாவது தன் பத்திகளில் முளைக்கச் செய்வாள்.

ஜூன் 8 பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணிவரை தேர்வு. அன்று லீ ஹுவா, பூங்காவில் நடந்த ஓவிய வகுப்பைப் பற்றி நண்பருக்கு எழுதினார். கதையோ, மழைபெய்த மாலையில் வியன்னாவில் வந்திறங்கிய பயணி ஒருவரையும், கையில் ரொக்கமில்லாத அவரைப் பேருந்தைப் பிடிப்பதற்காக ஏற்றிச்சென்ற குந்தர் என்ற டாக்சி ஓட்டுநரையும் பற்றியது. நான்கு நாட்களுக்குப் பிறகு, சொன்னபடியே குந்தரை அழைத்தேன் என்று இரண்டாம் பத்தி தொடங்கியது.

அன்று மாலை வீட்டுக்குச் செல்லும் முன் அவள் எங்கள் கதவைத் தட்டினாள். தன் கதையில் யாரும் அழவில்லை என்றாள். பணத்தைக் குந்தர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க முடிந்ததா என்று மட்டும் விசாரித்ததாக எழுதியிருந்தாள். கடைசி நான்கு நிமிடங்களில் வினைச்சொற்களைத் தொட்டுக்கொண்டே ஒருமுறை படித்ததில் எல்லாம் இறந்தகாலத்திலேயே இருந்தன. பிறகு அவன் அவள் என்று தொட்டுக்கொண்டே சென்றபோது, எட்டாவது வரியில் குந்தர் பெண்ணாகியிருந்தாராம். அடித்துத் திருத்திவிட்டேன் ஆயீ, கட்டத்துக்குள்ளேயே, என்றாள்.