கேள்வி கேட்டவரை எங்கே அனுப்பிவைக்கிறோம்?

நடப்பிலுள்ள பணத்தின் அடிப்படைச் சிக்கலே, அது இயங்குவதற்குத் தேவைப்படும் நம்பிக்கைதான் என்று பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2009 பிப்ரவரியில் எழுதினார். நாணயத்தின் மதிப்பை மத்திய வங்கி குலைக்காது என்று நம்ப வேண்டும், நம் பணத்தை வங்கி பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்ப வேண்டும், அந்த நம்பிக்கைகளோ பலமுறை பொய்த்திருக்கின்றன என்பது அவருடைய வாதம். அவர் மாற்றாக முன்வைத்த பிட்காயினில், ஒரு பரிமாற்றம் செல்லுமா செல்லாதா என்பதை, மென்பொருளைத் தம் கணினியில் ஓட்டும் எவரும் யாருடைய வாக்கையும் எதிர்பாராமல் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சரிபார்க்கப்படுவது, அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு நடப்பது மட்டுமே. யாருக்கு அனுப்புவது, எதற்காக அனுப்புவது, எந்த வாலட்டை (பணத்தின் சாவிகளை வைத்திருக்கும் செயலியை) நிறுவுவது, எந்த லிங்க்கைத் திறப்பது என்று அதற்கு முன்னால் எடுக்கும் முடிவுகள் ஒவ்வொன்றும் யாரோ சொன்னதைக் கேட்டு எடுக்கப்படுபவை. மோசடிக்காரர் காத்திருப்பதும் அந்த இடத்தில்தான்.

கிரிப்டோ பேசும் குழுக்களில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். ஒன்றில் அட்மின் பொறுப்பும் வகிக்கிறேன். மக்கள் ஏமாறுவதற்குப் பேராசையையும் அறியாமையையும் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நான் பார்த்த அளவில் அவற்றைவிடக் கனமான காரணம் ஒன்று இருக்கிறது: தெரியாமல் கேட்பவரை ஒரு குழு எப்படி நடத்துகிறது என்பதே அது.

அன்றாடம் வரும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். “எக்ஸ்சேஞ்சிலிருந்து என் வாலட்டுக்கு யுஎஸ்டிடி அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது, வாலட்டில் எதுவும் இல்லை. யாராவது உதவ முடியுமா?” என்று புதியவர் ஒருவர் எழுதுகிறார். யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பைப் பின்பற்றும் ஒரு கிரிப்டோ நாணயம், எக்ஸ்சேஞ்ச் என்பது அத்தகைய நாணயங்களை வாங்கி விற்கும் தளம். பெரும்பாலும் இதில் பயப்பட ஒன்றுமிருக்காது. எத்திரியம் என்ற நெட்வொர்க் வழியாக அனுப்புவதாக நினைத்து பிஎன்பி செயின் என்ற வேறொரு நெட்வொர்க் வழியாக அனுப்பியிருப்பார். தம் சாவியைத் தாமே வைத்திருக்கும் வாலட் என்றால் முகவரி இரண்டு நெட்வொர்க்குகளிலும் ஒன்றே, ஆகவே பணம் அவருடைய கட்டுப்பாட்டில்தான் இருக்கும், வாலட்டில் நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அல்லது அந்த டோக்கனை வாலட் இயல்பாகக் காட்டாமல் இருக்கலாம், அதைச் சேர்த்துக்கொண்டால் போதும். பரிமாற்றத்தின் அடையாளக் குறியீடான ஹேஷை, பரிமாற்றங்களைத் தேடிக் காட்டும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டிப் பார்த்தால், பணம் எந்த நெட்வொர்க்கில் எந்த முகவரியில் இருக்கிறது என்பது சில நொடிகளில் விளங்கிவிடும்.

இந்த விளக்கத்தை அவருக்குச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பல குழுக்களில் அவருக்கு முதலில் கிடைப்பது ஒரு சிரிப்பு எமோஜி, அடுத்து, “இதுகூடத் தெரியாமல் எதற்கு வருகிறீர்கள்?” என்ற கேள்வி. அதே நேரத்தில் அவருடைய தனிச்செய்திப் பெட்டிக்கு வேறொரு செய்தி வந்துசேர்கிறது. குழு அட்மினின் படம் இருக்கிறது, பெயரும் அவருடையதே, பயனர் பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. “வணக்கம், உங்கள் பிரச்சினையைக் குழுவில் பார்த்தேன், கவலைப்பட வேண்டாம், இது அடிக்கடி நேர்வதுதான். எந்த வாலட் பயன்படுத்துகிறீர்கள்?” என்று அந்தச் செய்தி தொடங்கும். அடுத்த கேள்விகளும் அதே பொறுமையோடு வரும். இறுதியில் வாலட்டை ஒத்திசைப்பதற்கென்று ஒரு லிங்க் வரும். அதைத் திறந்தால் மீட்புச் சொற்களை இடுவதற்குப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும்.

2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் அந்தப் பன்னிரண்டு சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ, அவரிடம் பணம் இருக்கிறது என்று பொருள். உலகின் எந்த மூலையில் எந்தக் கருவியிலும் அந்த வாலட்டை அப்படியே நிறுவிக்கொள்ளலாம். வெளியே போய்விட்ட சொற்களை மாற்றவும் முடியாது, முடக்கவும் முடியாது. “அட்மின்கள் முதலில் செய்தி அனுப்ப மாட்டார்கள்” என்ற எச்சரிக்கை பல குழுக்களிலும் மேலே பொருத்திவைக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் இந்த உத்தி பலிக்கிறது. அன்றைய உரையாடல் முழுவதிலும் கேள்வி கேட்டவரை மரியாதையோடு நடத்திய ஒரே ஆள் அந்தத் திருடர்தான் என்பதை நாம் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். அவரை அந்தத் தனிச்செய்திப் பெட்டிக்குள் தள்ளிவிட்டவர்கள் பொதுவில் சிரித்தவர்கள்.

இது புதியவர்களுக்கு மட்டுமே நேரும் என்று பழையவர்கள் எண்ணிக்கொள்ளவும் இடமில்லை. பிட்காயினின் தொடக்க ஆண்டுகளிலேயே, 2011, 2012ஆம் ஆண்டுகளில், இணையத்தில் ‘பைரேட்அட்40’ என்ற பெயரில் அறியப்பட்ட ட்ரெண்டன் ஷேவர்ஸ் என்ற அமெரிக்கர், வாரத்துக்கு 7 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி மற்றவர்களின் பிட்காயின்களைத் திரட்டினார். வாரம் 7 சதவீதம் கூட்டு வட்டியாகத் தொடர்ந்தால், போட்ட தொகை ஓராண்டில் 33 மடங்குக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அவரிடம் பணம் கொடுத்தவர்களில் பலர், கணக்குப் போடத் தெரிந்தவர்கள், வங்கிகளை நம்பாததால் இந்தப் பக்கம் வந்தவர்கள். அவர்களை இழுத்தது வட்டி விகிதம் மட்டுமன்று. சிறு தொகைகளை மற்றவர்களிடமிருந்து திரட்டி ஷேவர்ஸிடம் கொண்டுசேர்த்த இடைத்தரகர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நாள்தோறும் பேசிப் பழகி நற்பெயர் ஈட்டியவர்கள். அந்த நற்பெயரே அந்தத் திட்டத்தின் மூலதனமாயிற்று. 2012 ஆகஸ்டில் அது நொறுங்கியது. குறைந்தது 7 லட்சம் பிட்காயின்கள் திரட்டப்பட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் தொடுத்த வழக்கில் கூறியது. 2016இல் ஷேவர்ஸுக்கு ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, இது புதியவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டியாகத் தரும் பான்சி திட்டம் என்று அன்றே பலர் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள் என்பதுதான். எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை, எச்சரித்தவர்களுக்குத்தான் மதிப்பு இல்லாமல் போயிற்று. பிறகு வந்த பிட்கனெக்ட், ஒன்காயின் போன்ற கிரிப்டோ மோசடித் திட்டங்களிலும் இதுவே நடந்தது. ஒன்காயினுக்குப் பரிமாற்றங்களைப் பதியும் பொதுப் பேரேடான பிளாக்செயினே உண்மையில் இல்லை என்று சொன்னவர்களை, கூட்டத்தைப் பிடிக்காத எதிரிகளாகவே அதன் உறுப்பினர்கள் பார்த்தார்கள்.

கேள்வியை இளக்காரம் செய்வது கீழிருந்து மட்டும் வருவதில்லை. டெர்ரா என்ற கிரிப்டோ திட்டத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டோ க்வோன், தம் திட்டத்தை விமர்சித்த பொருளியல் எழுத்தாளர் ஒருவருக்கு, ஏழைகளோடு தாம் விவாதிப்பதில்லை என்று 2021இல் ட்விட்டரில் பதில் எழுதினார். அதைக் கேட்டுப் பலர் கைதட்டினார்கள். அப்போது டெர்ராவின் ஆங்கர் என்ற சேமிப்புத் திட்டத்தில், டாலருக்கு நிகராக இருக்கும்படி வடிவமைத்த அதன் யுஎஸ்டி (UST) நாணயத்தைப் போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர், பயத்தைப் பரப்புகிறவர் என்ற பட்டத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்துபோனது. டோ க்வோன் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்று கைதட்டிய குழுக்களில், வட்டி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒருவராவது நேர்மையாகப் பதில் தேடியிருந்தால், சிலருடைய சேமிப்பாவது தப்பியிருக்கும் என்றே நம்புகிறேன்.

நற்பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் எளிய விஷயமில்லை. பழைய கணக்கு என்பதற்காக ஒருவரை நம்புகிறோம். ஆனால் கணக்குகள் விற்கப்படுகின்றன, திருடப்படுகின்றன. பல ஆண்டுகாலப் பேச்சு அந்தக் கணக்கில்தான் பதிந்திருக்கிறதே தவிர, இப்போது தட்டச்சு செய்யும் விரல்களுக்கு அது சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 ஜூலை 15 அன்று பராக் ஒபாமா, பில் கேட்ஸ், இலான் மஸ்க் போன்றோரின் உண்மையான ட்விட்டர் கணக்குகளே கைப்பற்றப்பட்டு, அனுப்பும் பிட்காயினை இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாக அறிவிக்கப்பட்டபோது, சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. ஆகவே நன்கு அறிந்தவரே பெரிய தொகைக்கு வியாபாரம் பேசினாலும், அவர் முன்பு பயன்படுத்திய முகவரியின் தனிச்சாவியால் (அவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால்) ஒரு வாசகத்தில் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்பது முறை. உண்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இடைநிலையாளர் தேவைப்படும் இடத்தில், மூன்று சாவிகளில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் மட்டுமே பணம் நகரும் மல்டிசிக் முகவரியைப் பயன்படுத்தலாம். அப்போது அந்த இடைநிலையாளர் தனியாகப் பணத்தோடு மறைந்துவிட முடியாது. அவரும் ஒரு தரப்பும் கூட்டுச் சேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதும் எஞ்சும். அதற்குக் கணிதத்தில் விடையில்லை, ஆளை அறிந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

கண்ணையும் முழுவதும் நம்ப முடியாது. முகவரியின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு அனுப்பும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் அதே தொடக்கமும் அதே முடிவும் கொண்ட முகவரியை உருவாக்கி, அதிலிருந்து மிகச் சிறிய தொகையை அனுப்பி, நம் பரிமாற்ற வரலாற்றில் அதை அமரவைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து முகவரியை நகலெடுப்பவர் மாட்டிக்கொள்வார். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 ராப்டு பிட்காயின்களை (எத்திரியத்தில் இயங்கும் பிட்காயின் வடிவத்தை), அதாவது சுமார் 6.8 கோடி டாலரை, போலி முகவரிக்கு அனுப்பிவிட்டார். திருடரோடு நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது அரிதிலும் அரிது.

எங்கள் குழுவில் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். யாராவது உதவி கேட்டால், முதல் பதில் இரண்டு செய்திகளைத் தாங்கியிருக்கும்: இங்கேயே, எல்லோரும் பார்க்கப் பதில் சொல்வோம், தனிச்செய்தியில் இப்போது யார் வந்தாலும் அவர் எங்களைச் சேர்ந்தவரில்லை. பரிமாற்ற ஹேஷைக் குழுவில் ஒட்டச் சொல்வதில்லை, ஏனெனில் அதை வைத்து அவருடைய முகவரியையும் இருப்பையும் எவரும் பார்த்துவிடலாம். எக்ஸ்ப்ளோரரில் அவரே ஒட்டிப் பார்த்து, நிலை என்னவென்று வந்து சொல்லட்டும் என்கிறோம். இதனால் அவருக்கு ஒரு வேலையும் பழகிவிடுகிறது. கேலி செய்யும் பதில்களை நீக்கிவிடுகிறோம். அது கருத்துரிமைக்கு எதிரானது என்று சிலர் வருந்தினார்கள். விலை ஏறும், இறங்கும் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டையிடட்டும். உதவி கேட்டவரை விரட்டும் உரிமை யாருக்கும் தேவையில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஏற்கெனவே இழந்துவிட்டவர் வந்து எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிபுணர்கள் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது திருட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். முன்கட்டணம் கேட்பார்கள், அல்லது மறுபடியும் அதே பன்னிரண்டு சொற்களைக் கேட்பார்கள். நெட்வொர்க்கில் உறுதிசெய்யப்பட்டுவிட்ட பரிமாற்றத்தைத் திருப்பும் ஆற்றல் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. பணத்தை இழந்தவர் செய்யக்கூடியவை சில உண்டு: மீட்புச் சொற்கள் போயிருந்தால் புதிய சொற்களோடு புதிய வாலட் தொடங்கி எஞ்சியதை உடனே மாற்ற வேண்டும், தம் நாணயங்களை எடுத்துக்கொள்ள ஏதோ ஒரு தளத்துக்கு அனுமதி (அப்ரூவல்) மட்டும் கொடுத்திருந்தால் அதை ரத்து செய்ய வேண்டும், ஹேஷ்களையும் உரையாடல்களையும் சேமித்துக் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும், பணம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருப்பது தெரிந்தால் அந்த எக்ஸ்சேஞ்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இவற்றை அவருடைய பதிவுக்குக் கீழேயே எழுதுகிறோம். அவராகக் கேட்டாலொழிய அந்தப் பதிவை நீக்குவதில்லை. அதே போலி அட்மின் அதே லிங்க்கை இன்னொருவருக்கு அனுப்பும்போது, அந்த லிங்க்கைக் குழுவில் தேடிப் பார்ப்பவருக்கு இந்தப் பதிவு கிடைக்க வேண்டும்.