என் கையில் இல்லை

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகாலுக்குக் காவலாளி கதவைத் தட்டினார். "அம்மா, மோட்டார் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஓர் உறுமல் உறுமிவிட்டு விழுந்துவிடுகிறது." இருபத்துநான்கு வீடுகள், நான்கு மாடி, சென்னையின் தெற்கு ஓரம். மேல் தொட்டியில் அரை அடித் தண்ணீர்கூட இல்லை. நான் அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தகுதி வேறொன்றும் இல்லை, "வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்" என்பதுதான்.

கீழே போய் ஸ்டார்ட்டர் பெட்டியை நானும் ஒருமுறை வெறித்துப் பார்த்துவிட்டு மேலே வருவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பதுக்கும் மேல் செய்திகள். அதில் ஒன்று: "கணக்குப் பார்ப்பதில் உள்ள அக்கறை கொஞ்சம் கிணற்றைப் பார்ப்பதிலும் இருந்தால் நன்றாக இருக்கும்." கூடவே கை கூப்பும் பொம்மை. சொற்களைவிட அந்தப் பொம்மைதான் சுட்டது. நான்கு வரி பதில் தட்டினேன். கட்டைவிரல் நடுங்கியதில் எழுத்துப்பிழை வேறு.

அனுப்பும் முன் நினைவுக்கு வந்தது ஒரு குளியல் மண்டபம். எபிக்டெட்டஸ் என்ற பழங்காலத் தத்துவஞானியின் கைநூலில் நான்காவது பகுதி அது. மொத்தம் ஐம்பத்து மூன்று சிறு பகுதிகள்தாம்; ஓய்வு பெற்றபோது மகள் வாங்கிக்கொடுத்தாள், ஆங்கில மொழிபெயர்ப்பு. குளிக்கக் கிளம்புகிறாயா, அங்கே என்ன நடக்கும் என்று முதலில் மனத்துக்குள் ஓட்டிப் பார் என்கிறார் அவர். தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள். எனக்குக் குளியலும் வேண்டும், மனம் கெடாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போ. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமானியக் குளியல் மண்டபத்துக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துணி மட்டும் திருடு போவதில்லை.

நான்கு வரியில் இரண்டை அழித்தேன். மீதி இரண்டு: மெக்கானிக் ஒன்பது மணிக்கு வருகிறார், லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அனுப்பிவிட்டு, தேறிவிட்டோம் என்று ஒரு நிமிடம் மிதப்பாகவே இருந்தேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய மெக்கானிக் பத்தரைக்கு வந்தார். காயில் எரிந்திருக்கிறது, இருநூறு அடிக் குழாயையும் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்து, ரீவைண்டிங் கொடுத்துத் திரும்ப இறக்க இரண்டு நாள் ஆகும் என்றார். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்காரர் "இதோ வந்துகொண்டே இருக்கிறேன்" என்றார். அவர் எப்போதும் வந்துகொண்டேதான் இருப்பார். பதினொன்றரைக்கு மூன்றாம் மாடிப் பெண் வந்து நின்றாள். அவளுடைய அம்மா ஒன்றரை ஆண்டாகப் படுத்த படுக்கை. "லாரி எத்தனை மணிக்கு ஆன்ட்டி வரும்? அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும், காலையிலிருந்து அப்படியே இருக்கிறார்கள்."

நான் நிதானமாகச் சொன்னேன்: "லாரி வருவது என் கையில் இல்லையம்மா."

குரலில் எரிச்சல் இல்லை. முகம் சுளிக்கவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினேன். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கவுன்டரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது."

முப்பத்தொரு ஆண்டு வங்கி வேலையில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான். சர்வர் இல்லை, என் கையில் இல்லை. மேலிடத்திலிருந்து அனுமதி வரவேண்டும், என் கையில் இல்லை. உயிர்ச்சான்று தராததால் ஓய்வூதியம் நின்றுபோன முதியவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். நான் சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மைதான். அந்த உண்மையைச் சொன்ன கையோடு அடுத்த டோக்கனை அழைத்துவிடுவேன். ஓய்வுக்குப் பிறகு எபிக்டெட்டஸைப் படித்தபோது முதல் வரியே எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. சில விஷயங்கள் நம் வசத்தில் இருக்கின்றன, சில இல்லை என்று தொடங்குகிறது அந்த நூல். எனக்கு அது புதுத் தத்துவமாகப் படவில்லை. அலுவலகச் சுற்றறிக்கையாகத்தான் பட்டிருக்கிறது.

அன்று மாலை மறுபடி எடுத்துப் படித்தேன். வசத்தில் உள்ளவை என்று அவர் தரும் பட்டியல் மிகச் சின்னது: ஒன்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம், ஒன்றைச் செய்யக் கிளம்பும் முனைப்பு, விருப்பம், வெறுப்பு. உடம்பும் பணமும் பெயரும் பதவியும் இந்தப் பக்கத்தில் இல்லை. செயலாளர் பதவியும் இல்லை, லாரியும் இல்லை. சரி, கதவருகே நின்ற நேரம்? அவளுக்கு என்ன பதில் சொல்வது, அதற்குப் பிறகு எழுந்து சமையலறை வரை நடப்பதா வேண்டாமா? எங்கள் வீட்டுச் சமையலறையில் அன்று ஒரு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அது முழுக்க முழுக்க என் வசத்தில் இருந்தது.

அவருடைய உரைகளில் இதை இன்னும் கறாராகச் சொல்கிறார். கைக்கு வரும் பொருள்கள் நன்மையும் இல்லை தீமையும் இல்லை. அவற்றை எப்படிக் கையாளுகிறோம் என்பது அப்படியில்லை. தாயக்கட்டை என்ன விழும் என்பது ஆடுகிறவன் வசத்தில் இல்லை. விழுந்ததை வைத்துக் காயை நகர்த்துவதில் அவன் அசட்டையாக இருக்கலாமா? நான் கட்டையைப் பார்த்துவிட்டுக் காயைத் தொடாமலே எழுந்து வந்தவள்.

இதைச் சொன்னவர் சுகவாசியாக இருந்திருந்தால் நான் மேலே படித்திருக்கமாட்டேன். எபிக்டெட்டஸ் அடிமை. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில் பிறந்தவர், ரோமில் எப்பாஃப்ரோடிட்டஸ் என்பவரின் உடைமை. அந்த எஜமானரே நீரோ மன்னனிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். 'எபிக்டெட்டஸ்' என்றால் கிரேக்கத்தில் 'ஈட்டப்பட்டது' என்று பொருள். அது ஓர் ஆளின் பெயர் மாதிரியா இருக்கிறது? இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் எழுதுகிற சொல். கால் வேறு ஊனம். விடுதலை கிடைத்துப் பாடம் நடத்தத் தொடங்கியபின், பேரரசன் டொமிஷியன் தத்துவக்காரர்களையெல்லாம் ரோமிலிருந்து விரட்டினான்; அவர் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபோலிஸுக்குப் போய்ப் பள்ளி வைத்தார். ஒரு வரிகூட எழுதவில்லை. மாணவர் அரியன் எடுத்த குறிப்புகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் குறிப்புகளை ரஸ்டிகஸ் என்ற ஆசிரியர் மூலம் படித்தவர் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ். எனக்கு என்னவோ பேரரசரைவிட அடிமையின் பேச்சில்தான் உப்பும் காரமும் இருப்பதாகத் தோன்றுகிறது.

உதாரணத்துக்கு அந்த விளக்குக் கதை. வீட்டுத் தெய்வங்களின் பக்கத்தில் ஓர் இரும்பு விளக்கு வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால் விளக்கைக் காணோம். நாளைக்கு மண்விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாராம். உள்ளதைத்தானே இழக்க முடியும்! இதைப் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் மொட்டைமாடியில் பித்தளைக் குழாய் இரண்டு முறை திருடு போனது. முதல் முறை விசாரணைக் குழு, கேமராப் பதிவு, ஒரு வாரம் தூக்கம் இல்லை. இரண்டாம் முறை பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிட்டேன். அது இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சொட்டும், அவ்வளவுதான். எபிக்டெட்டஸ் இறந்தபிறகு அந்த மண்விளக்கை ஒருவர் மூவாயிரம் திராக்மா கொடுத்து வாங்கினார் என்று லூசியன் என்ற பழங்கால எழுத்தாளர் கேலியாக எழுதியிருக்கிறார். அதை வைத்துப் படித்தால் அறிவு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையாம். எங்கள் பிளாஸ்டிக் குழாய்க்கு இதுவரை யாரும் விலை கேட்கவில்லை.

என் கணவர் தமிழாசிரியராக இருந்தவர். நான் இப்படி எதையாவது வாசித்துக் காட்டினால் "இதற்கு ரோமாபுரி வரை போக வேண்டுமா?" என்று புறநானூற்றின் 192ஆம் பாட்டுக்குப் போய்விடுவார், தீதும் நன்றும் பிறர்தர வாரா. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது அந்த வரியைவிட, ஆற்று நீர் இழுத்த வழியே போகும் புணை. எபிக்டெட்டஸின் தத்துவ மரபினரான ஸ்டோயிக்குகளிடம் புணைக்குப் பதில் நாய் இருக்கிறது. வண்டியின் பின்னால் கட்டிய நாய், இசைந்து ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இழுபடும். எப்படியும் வண்டி போகிற ஊருக்குத்தான் போய்ச் சேரும். புணைக்கு மனம் கிடையாது, நாய்க்கு உண்டு. இரண்டும் ஒன்றா என்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டில் சண்டை நடந்திருக்கிறது. முடிவு வரவில்லை, ரசம் ஆறிப்போனது.

எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைநூலின் மூன்றாம் பகுதி: உனக்கு ஒரு பானை பிடித்திருந்தால், நான் விரும்புவது ஒரு பானை என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்கமாட்டாய். இதுவரை சரி. அடுத்த வரியில், பிள்ளைக்கோ மனைவிக்கோ முத்தம் கொடுக்கும்போது, இது சாகக்கூடிய ஓர் உயிர் என்று சொல்லிக்கொள் என்கிறார். மகள் விமானம் ஏறும்போதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எனக்கு அதுதான் மனத்தில் ஓடுகிறது. கலக்கம் குறைந்தபாடில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவேன்.

அதே மரபைச் சேர்ந்த ரோமானியர் செனெகாவிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. சினத்தைப் பற்றிய நூலில் தன் இரவுப் பழக்கத்தை அவர் சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாள் முழுவதையும் தன் முன்னால் நிறுத்தி விசாரிப்பாராம். எதையும் மறைப்பதில்லை, இனி அப்படிச் செய்யாதே, இப்போதைக்கு மன்னித்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாராம். வங்கிக்காரிக்கு இது புரியும். தினமும் மாலை ரொக்கம் ஒத்துப்போகாமல் வீட்டுக்குப் போக முடியாது. அந்த ஆளின் மீது எனக்கு முழு நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எளிமையைப் பற்றி எழுதிக்கொண்டே பிரிட்டன்காரர்களுக்கு நான்கு கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடன் கொடுத்துவிட்டுத் திடீரென மொத்தமாகத் திருப்பிக் கேட்டார், அங்கே கலகம் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார் டியோ என்ற வரலாற்றாசிரியர். கடன் வசூலில் அத்தனை அவசரம் கூடாது. ஆனாலும் பழக்கம் நல்ல பழக்கம். பழைய வங்கி டைரி ஒன்றில் இரவு மூன்று நான்கு வரி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் விளக்கும் அணைவதில்லை, தொலைக்காட்சியும் ஓய்வதில்லை.

அந்த ஞாயிறன்று எழுதியது: "மூ.மா. பெண். என் கையில் இல்லை என்றேன். இருந்தது, ஒரு டிரம்." அன்று லாரி மாலை நான்கு மணிக்கு வந்தது. நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வெட்கம்தான்.

இந்த ஏப்ரலில் மறுபடி ஒரு நாள் தண்ணீர் நின்றது. இந்த முறை கேபிள். விஷயம் தெரிந்ததும் குழுவில் செய்தி போடும் முன்பே இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பினேன். காவலாளி ஒன்றைத் தூக்க, நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், குளியல் மண்டபத்துக்குப் போகிறவனைப் போல. அவள் கோபமாகப் பேசலாம், குத்திக் காட்டலாம், கதவே திறக்காமல் இருக்கலாம்.

கதவைத் திறந்தாள். வாளியைப் பார்த்தாள். "ஐயோ, ஆன்ட்டி, நீங்கள் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? எங்களிடம் இருக்கிறதே" என்று உள்ளே காட்டினாள். கூடத்தில், அவளுடைய அம்மாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மூடி போட்ட நீல நிற டிரம் ஒன்று. கூடமே பாதி அடைபட்டிருந்தது. மூடிமேல் மடித்த துண்டுகளும் மாத்திரை டப்பாவும்.

"எப்போதும் நிரப்பி வைத்துவிடுவேன்" என்றாள். "போன வருடம் வாங்கினேன்."

எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. வாளிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள், வைத்துவிட்டு வந்தேன்.