கரிசலில் ஓர் அரையாண்டு

ஜூன் 8

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கி வந்த பை இன்னும் பாதிகூடக் காலியாகவில்லை. எண்ணிக்கைப்படி போன வருஷத்தைவிடக் குறைவுதான். ஆனால் இந்த அரையாண்டு படித்த மாதிரி முன்பு எப்போதும் நான் படித்ததில்லை.

பொங்கல் முடிந்த கையோடு கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ எடுத்தேன். அதோடு கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள். பூமணி, சோ. தர்மன் இரண்டு பேரும் அதே கோவில்பட்டிச் சுற்றுவட்டாரம். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள்ளிருந்து நாலு பேர் சாகித்ய அகாதெமி விருது வாங்கியிருக்கிறார்கள். ஒருவரை முடித்ததும் அடுத்தவர் என்று போய்க்கொண்டிருக்கிறேன். தனித்தனியாகப் படித்திருந்தால் கண்ணில் படாமலே போயிருக்கும் பல சங்கதிகள் இப்போது படுகின்றன.

ஜூன் 12

மேட்டூர் திறப்புக்கென்று காலங்காலமாக இருக்கும் தேதி. அங்கே திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாறு வழியாக எங்கள் மன்னார்குடிக்கு வர வேண்டும். அப்பா காலையிலிருந்து போனில் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே உட்கார்ந்து சோ. தர்மனின் ‘சூல்’ படித்துக்கொண்டிருந்தேன். உருளைக்குடிக் கண்மாயின் கதை. எட்டயபுரம் ஜமீன் காலத்தில் ஊரே கோடையில் கண்மாய்க்குள் இறங்கிக் கரம்பை மண்ணை வெட்டி வண்டி வண்டியாக அள்ளுகிறது. கண்மாயும் ஆழமாகிறது, நிலமும் உரம் பெறுகிறது. யாரும் உத்தரவு போட்டு நடக்கிற வேலை இல்லை.

எங்களுக்குத் தண்ணீர் மேலேயிருந்து வருவது. வருகிறதா, எப்போது வரும், கடைமடை வரைக்கும் போகுமா என்பதுதான் எங்கள் கவலை. அவர்களுக்கு வானத்தை விட்டால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. பெய்கிற நாலு மழையைப் பிடித்து வைத்தால்தான் வருஷம் ஓடும். டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வித்தியாசம் பாடப்புத்தகத்தில் படித்ததாகத்தான் இருந்தது. ‘சூல்’ படித்த பிறகுதான் உடம்பில் உறைத்தது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதியில், கண்மாய் சீரழியத் தொடங்கும் இடத்தில், ஆசிரியரே நேரடியாகப் பேச வந்துவிடுகிறார். அந்தக் கோபம் நியாயமானது. இருந்தாலும் முன்பாதிதான் எனக்கு ஒரு படி மேல். சாயங்காலம் அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கம்மாயைப் பத்தியே இவ்வளவு பெரிய புஸ்தகமா?” என்று கேட்டார். முடித்ததும் அவருக்குத்தான்.

ஜூன் 16

இன்று மறுபடியும் ‘கதவு’ படித்தேன். கி.ரா.வின் சிறுகதை, சில பக்கங்கள்தான்.

பிள்ளைகள் ஒரு கதவைப் பிடித்து ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றை அந்தக் கதவில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரியோடு ஆள் வந்து, அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பிறகு வீட்டுக்குள் காற்று வருகிறது, பனி வருகிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல்.  கி.ரா. எந்த இடத்திலும் குரலை உயர்த்தவே மாட்டார்.

முன்பு படித்தபோது கதவையும் பிள்ளைகளையும் மட்டும்தான் பார்த்தேன். இந்தத் தடவை அந்த வீட்டு அப்பாவிடம் மனசு நின்றுவிட்டது. அவர் மணிமுத்தாறில் அணைக்கட்டு வேலைக்குப் போனவர். மாதக்கணக்கில் கடிதம் இல்லை, பணமும் இல்லை. கதையில் அவர் வருவதே இல்லை. எங்கேயோ ஓர் ஊருக்குத் தண்ணீர் தேக்கப் போன மனுஷனின் வீட்டில் கதவில்லை. இந்த வாரம் வீட்டில் காலையும் மாலையும் அணை, அணை என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இதைப் படித்தேன். மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934-இல். அதற்குக் கல் சுமந்தவர்களின் வீடுகளில் அப்போது என்ன நடந்திருக்கும்? இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டும், இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தீப்பெட்டிப் படமும் அப்படித்தான். பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார்கள். ‘கதவு’க்குப் பல வருஷம் பிந்திய படம். ஒருவர் கதையில் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்த பொருள், இன்னொருவர் படத்தில் அவர்களுக்குக் கூலியாக வந்து நிற்கிறது.

ஜூன் 21

பூமணியின் ‘வெக்கை’ முடிந்தது. ஒரே மூச்சு. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு, கதைதான் தெரியுமே என்று இதைத் தள்ளிப்போடுபவர்களிடம் சொல்ல ஆசை: தயவுசெய்து படியுங்கள். கொலை முதல் பக்கங்களிலேயே நடந்துவிடுகிறது. அப்புறம் மீதி முழுக்க அய்யாவும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிவதுதான். என்ன சமைப்பது, எங்கே தூங்குவது, வீட்டில் எப்படி இருப்பார்களோ என்ற பேச்சு. ஒரு பையன் தன் அப்பனை அருகிலிருந்து தெரிந்துகொள்ளும் நாவல் இது. இந்த அரையாண்டில் படித்த நாவல்களில் என்னுடைய முதலிடம் இதற்கே.

ஜூன் 30

பாதி வருஷம் போயிற்று. பூமணியின் ‘அஞ்ஞாடி’ இன்னும் ஓடுகிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், மடியில் வைத்துத்தான் படிக்க முடிகிறது. ஆண்டி, மாரி என்ற இரண்டு சேக்காளிகளில் தொடங்கி, தாது வருஷப் பஞ்சம், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் என்று விரிகிறது. ‘கோபல்ல கிராம’த்தில் காட்டை எரித்து நிலமாக்கினார்களே, அதே மண்ணை இங்கே வேறு சாதி, வேறு தெருவிலிருந்து பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஊர் முழுசாகத் தெரிகிறது. கலவரப் பகுதிகளில் ஆவணங்களின் கனம் கொஞ்சம் அழுத்துகிறது. அவசரப்படாமல் போகிறேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் முடிகிறது.

ஜூலை 5

அழகிரிசாமியின் நினைவு நாள். 1970-இல் போனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வருஷத்து சாகித்ய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’க்கு, அவர் போன பிறகுதான் வந்தது.

அவருக்காக இன்று ‘ராஜா வந்திருக்கிறார்’ படித்தேன். தீபாவளிக்கு முந்தின நாள், உடம்பெல்லாம் புண்ணோடு ஓர் அநாதைப் பையன் வாசலில் வந்து நிற்கிறான். தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனையும் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். சிரங்கில் எரியும்போது அந்தப் பையனும் துடிக்கிறான், அவளும் துடிக்கிறாள். வீட்டில் இருக்கும் துணி எல்லாருக்கும் போதாது. யாருக்கு எது என்று அவள் கணக்குப் போடும் இடத்தில் என்னால் சட்டென்று பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. இந்த அரையாண்டின் சிறுகதை ‘கதவு’ என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இரண்டுமே என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே ஊர்க்காரர்கள், உயிர்ச் சிநேகிதர்கள், பிரிக்க வேண்டாம்.

அப்பா ‘சூலில்’ பாதி தாண்டிவிட்டார். நம் பக்கத்து வாய்க்காலைப் பற்றி இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். தி. ஜானகிராமன் பிறந்த தேவங்குடி எங்களுக்குப் பக்கம்தானே. ‘அஞ்ஞாடி’யை முடித்ததும், அவரும் எழுத்தாளர் சிட்டியும் காவிரியோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ எடுக்கப் போகிறேன். நூலகத்தில் இருக்கிறது, பார்த்து வைத்துவிட்டேன். அப்பா தான்தான் முதலில் படிப்பேன் என்கிறார்.