மஞ்சள் ஒருவழியாக ஜெராக்ஸில் தெரிகிறது: ஃபேசரிப் மீட்பு வேலை

நான் மறுபடி எழுதிவரும் ஒரு பழைய சூப்பர் ஹீரோ பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தின் மைய அட்டவணை, யுனிவர்சல் டேபிள், முடிந்தது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் நாலு விளைவும் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தாலும் தெரிகின்றன. இந்த மாதம் விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் அதற்காகத் துளியும் வருத்தமில்லை.

எந்த ஆட்டம் என்று கேட்பவர்களுக்காக: ஜெஃப் கிரப் வடிவமைத்து டிஎஸ்ஆர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட மார்வெல் சூப்பர் ஹீரோஸ். அதன் ஏழு திறன்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ரசிகர்கள் வைத்த பெயர்தான் ஃபேசரிப். நான் அடிப்படையாக வைத்திருப்பது 1986இல் வந்த அதன் விரிவான பதிப்பு, அட்வான்ஸ்டு செட். டிஎஸ்ஆர் 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. மார்வெல் 2023இல் முற்றிலும் வேறொரு ஆட்டத்தைத் தன் பெயரில் கொண்டுவந்தது. பழையதற்கு மறுபதிப்பு வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. குளோன்கள், அதாவது இதே விதிகளை மறுபடி எழுதிய ஆட்டங்கள், ஏற்கனவே இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன, நல்லவையும்கூட. எனக்கு வேண்டியது காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டு, தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து, இரண்டாக மடித்துப் பையில் போடக்கூடிய ஒன்று.

சிக்கலே அங்கேதான். இந்த ஆட்டத்தின் உயிர் அந்த ஒரே அட்டவணை. நூறு பக்கப் பகடையை (உண்மையில் பத்துப் பக்கப் பகடை இரண்டு: ஒன்று பத்துகளுக்கு, மற்றது ஒன்றுகளுக்கு) உருட்டி, திறனின் அளவுக்குரிய பத்தியில் விரலை இறக்கினால் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதோ ஒரு நிறத்தில் போய் நிற்கும். வெள்ளை என்றால் தோல்வி. குத்துச்சண்டையில் பச்சை சாதாரண அடி, மஞ்சள் ஆளைத் தூக்கி எறிகிற அடி, சிவப்பு மயக்கம் போட வைக்கிற அடி. கலரில் பார்க்க அழகு. கலர் பிரிண்ட் பக்கத்துக்கு 10 ரூபாய், கறுப்பு வெள்ளை 2 ரூபாய் என்றால் ஆட வருகிறவர்கள் எதை எடுப்பார்கள்? கறுப்பு வெள்ளையில் சிவப்பு கரும் சாம்பலாகிறது, பச்சை நடுத்தரச் சாம்பல். மஞ்சளோ கிட்டத்தட்ட வெள்ளை. அதாவது பச்சையைவிடப் பெரிய வெற்றி, தாளில் தோல்வி மாதிரி கிடக்கிறது. நிறங்களை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. கடைக்காரர் டோனர் மிச்சம் பிடிக்கிற அமைப்பில் ஓட்டினால் எல்லாச் சாம்பலும் ஒன்றுதான்.

ஆகவே நிறத்தையே விட்டுவிட்டேன். வெள்ளை வெறும் கட்டம். பச்சைக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடுகள், மஞ்சளுக்குக் குறுக்கும் நெடுக்குமாக வலை, சிவப்புக்கு முழுக் கறுப்பு. சொல்ல இவ்வளவுதான், செய்யும்போதுதான் உயிர் போனது. 0.25 பாயின்ட் தடிமனுள்ள கோடு முதல் ஜெராக்ஸிலேயே காணாமல் போகிறது. 0.75 வைத்தால் வலை அடைத்துக்கொண்டு சிவப்பாகிவிடுகிறது. 0.5 பாயின்ட், கோட்டுக்குக் கோடு ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்தபோதுதான் இரண்டாம் தலைமுறை நகலும் தாங்கியது. ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டம் கட்டமாக வரைகிற பொறுமை எனக்கு இல்லை. சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி எஸ்விஜி படமாக எடுத்துவிட்டேன்.

நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் கிரப்பின் கணக்கு முழுதாகப் புரிந்தது. அட்டவணையின் வரிசைகள் சம அளவில் இல்லை. மேலே 1, அடுத்தது 2-3, பிறகு 4-6, 7-10. அதாவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்கள். நடுவில் எல்லாம் ஐந்தைந்து. கீழே 91-94, 95-97, 98-99, 100 என்று அதே கணக்கு தலைகீழாக. பச்சை தொடங்கும் இடம் பத்திக்குப் பத்தி ஐந்து எண் இறங்கும். பத்திகளின் பெயர்கள் திறனின் படிகள்: டிபிகல் 51, குட் 46, எக்ஸலண்ட் 41. சிவப்பு அப்படி இல்லை, ஜோடி ஜோடியாக இறங்கும். ஃபீபிள், புவர் இரண்டுக்கும் 100. டிபிகல், குட் 98. எக்ஸலண்ட், ரிமார்க்கபிள் 95. அப்புறம் 91, 86. சிவப்பு விழும் வாய்ப்பைச் சதவீதமாகப் பார்த்தால் 1, 3, 6, 10, 15. முக்கோண எண்கள், அதாவது 1, 1+2, 1+2+3 என்று போகிறவை! பலசாலி ஆக ஆக அடி விழுவது சீராகக் கூடுகிறது, அதிசயம் நடப்பது மட்டும் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கிறது. 1980களில் இப்படி ஒரு அட்டவணை போட்டவரைக் கும்பிட வேண்டும்.

ஒரு நண்பர், "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? பத்திக்கு மூணு எண்ணை கேரக்டர் ஷீட்ல போட்டுட்டா போதுமே?" என்றார். கணக்குப்படி சரிதான். ஆனால் எல்லாரும் தலையை நீட்டி, விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற அந்த நொடிக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தையே எடுத்தேன். எண்கள் ஷீட்டில், அதாவது ஆடுபவர் கையிலுள்ள பாத்திர விவரத் தாளில், வராது. வேண்டுமானால் அவரே எழுதிக்கொள்ளட்டும்.

மூல அட்டவணையில் 18 பத்திகள். நான் ஷிஃப்ட் எக்ஸ் என்ற படியோடு 12இல் நிறுத்திவிட்டேன். கிளாஸ் 5000 மாதிரியான உச்சப் படிகள் எல்லாம் கிரகங்களை விழுங்குகிறவர்களுக்கானது, எங்கள் மேசைக்கு அவர்கள் வந்ததில்லை.

பகடை வாங்குவோருக்கு: நூறு பக்கப் பகடை ஜோடி என்று ஆன்லைனில் போட்டுவிட்டு, 0 முதல் 9 வரை உள்ள ஒரே நிறப் பகடை இரண்டை அனுப்புகிறார்கள். எது பத்து, எது ஒன்று என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் சண்டை. ஏழு பகடை கொண்ட செட்டாக வாங்கிவிடுங்கள். அதில் 00, 10, 20 என்று போட்ட பகடை கட்டாயம் இருக்கும்.

உரிமப் பயம் பலருக்கு இருக்கிறது, 2023 ஜனவரியில் ஓஜிஎல் (விஸார்ட்ஸ் தன் ஆட்ட விதிகளைப் பிறர் பயன்படுத்தத் தந்த திறந்த உரிமம்) கலாட்டாவைப் பார்த்த பிறகு இன்னும் அதிகமாக. அமெரிக்கச் சட்டப்படி ஆட்டத்தின் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. அதனால் ஓஜிஎல் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு விதியையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் சொற்களில் எழுதுகிறேன். மார்வெல் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. யாரும் பகிரக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவேன்.

படங்களுக்கு டிஜிட்டல் காமிக் மியூசியம் இணையதளத்தில் கிடக்கும் 1940களின் காமிக்ஸ்தான் கதி. 1941இல் வந்த பிளாக் டெரர் மாதிரியான, இன்று உரிமை கொண்டாட ஆளில்லாத ஹீரோக்கள் நிறைய. பழைய ஸ்கேன்களின் மஞ்சளேறிய தாளைச் சுத்தம் செய்வது தனி வேலை, அங்கேயும் மஞ்சள்!

கர்மா (ஹீரோ சேர்த்துவைத்து, உருட்டலை உயர்த்தச் செலவழிக்கும் புள்ளிகள்) அத்தியாயம் பாதியில் நிற்கிறது. உருட்டும் முன்பே கர்மா செலவழிக்கப் போவதாக அறிவிக்க வேண்டும், குறைந்தது 10 புள்ளி போகும், ஹீரோ கொலை செய்தால் சேர்த்த மொத்தமும் பூஜ்யம். இதில் கை வைக்க மாட்டேன். குழுவாகச் சேர்த்து வைக்கும் கர்மாவை யார், எப்போது எடுக்கலாம் என்பதை மட்டும் சுருக்கி எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன் வில்லன்களுக்கு அட்டை அச்சடிக்க ஆசை, இதே கோட்டு முறையில். 250 ஜிஎஸ்எம் அட்டையை லேசர் பிரிண்டரில் மாட்டாமல் ஓட்டுகிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.